மூன்று கை டிரம்மர்

“ஏ தம்பி, இந்தாளுக்கு மூணு கையா?”

நான் கம்ப்யூட்டரில் முதன்முதலாகப் போட்ட டிரம்ஸ் டிராக்கைக் கேட்டுவிட்டு டிரம்மர் அண்ணன் கேட்ட கேள்வி இது. பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச்சில் வாசிக்க ஆரம்பித்து, மேடைக் கச்சேரி, கல்யாண வரவேற்பு என்று இருபது வருடத்துக்கு மேல் குச்சி பிடித்தவர். நான் கிட்டார்காரன். மேடையில் எனக்குப் பின்னால் இருந்து வரும் சத்தம்தான் டிரம்ஸ். அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

2020 ஊரடங்கில்தான் யோசிக்க வேண்டி வந்தது. சொந்தப் பாட்டு ஒன்று கையில் இருந்தது. கிட்டார், பேஸ் கிட்டார், குரல் மூன்றையும் வீட்டிலேயே பதிவு செய்துவிட்டேன். டிரம்ஸுக்கு வழியில்லை. வாடகை வீட்டில் ஒரு செட்டை இறக்கினால் மாடி வீட்டுக்காரர் மறுநாளே சாமான்களை வெளியே வைத்துவிடுவார். அதனால் லேப்டாப்பில் ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளைப் போட்டேன். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனி ஆளுக்கு 60 டாலர் உரிமம். டிரம்ஸ் சத்தத்துக்கு எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச ப்ளக்இன், அதாவது ரீப்பருக்குள் ஓடும் துணை மென்பொருள். இந்த இரண்டும் எட்டு ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பில் மூச்சுத் திணறாமல் ஓடின. ஆரம்பிக்கிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அன்று நான் செய்தது இது. ஒரு பார், அதாவது நான்கு தட்டுள்ள ஒரு சுற்று, எடுத்தேன். முதல் தட்டிலும் மூன்றாவதிலும் காலால் மிதிக்கும் கிக், இரண்டிலும் நான்கிலும் ‘டக்’கென்று விழும் ஸ்நேர், மேலே ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டில் எட்டு அடி. அதை காப்பி, பேஸ்ட். 96 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில், நான்கு நிமிடப் பாட்டு என்றால் சரியாக 96 பார். நாலு பாருக்கு ஒரு முறை டாம் என்ற மற்ற டிரம்களில் வேகமாக உருட்டி அடிக்கும் ஒரு ரோல், பல்லவி திரும்புகிற இடத்தில் பெரிய சிம்பலில் ஒரு க்ராஷ். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா டிரம்ஸ் என்று தோன்றியது. வாட்ஸப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்.

மூன்று கை என்று அவர் சொன்னது கேலியாகத்தான். ஆனால் கணக்கு சரி. வலது கை ஹை-ஹாட்டில் எட்டு தட்டு தட்டிக்கொண்டிருக்கிறது, இடது கை ஸ்நேரில் இருக்கிறது. ரோல் வரும்போது இரண்டு கையும் டாம்களுக்குப் போயாக வேண்டும். என் டிராக்கிலோ ரோல் ஓடும்போதும் ஹை-ஹாட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. க்ராஷ் அடிக்கிற அதே கணத்தில் ஹை-ஹாட்டும் ஸ்நேரும் சேர்ந்து விழுந்தன. சாதாரணமாகக் கேட்பவருக்கு ‘மூன்று கை’ என்று சொல்லத் தெரியாது. ஏதோ மெஷின் மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்வார்.

அன்று இரவே திருத்த உட்கார்ந்தேன். ரோல் வருகிற இடங்களில் ஹை-ஹாட்டை அழித்தேன். க்ராஷ் விழுகிற தட்டில் ஹை-ஹாட்டை எடுத்தேன். க்ராஷுக்குக் கீழே கிக் இல்லாத இடங்களில் ஒரு கிக் சேர்த்தேன், ஏனென்றால் டிரம்மர்கள் பெரும்பாலும் காலையும் சேர்த்துத்தான் க்ராஷ் அடிப்பார்கள். கிக் இல்லாமல் விழும் க்ராஷ், சாப்பாட்டுத் தட்டு கீழே விழுந்த மாதிரிக் கேட்கும். ரோல் ஓடும்போது காலி என்று தோன்றினால் இடது கால் சும்மா இருக்கிறது, அதை வைத்து ஹை-ஹாட்டை மிதித்து மூடும் ‘சிக்’ சத்தத்தை இரண்டிலும் நான்கிலும் போடலாம். இந்த ஒரு வேலையிலேயே பாதி மெஷின்தனம் போய்விட்டது.

இங்கே ஒரு சின்னத் தகவல், தலைவலியை மிச்சப்படுத்தும். வாசிப்பைக் கம்ப்யூட்டருக்கு எண்களாகச் சொல்லும் முறைக்கு மிடி என்று பெயர், அதில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் எண் உண்டு. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரிசைப்படி கிக் 36, ஸ்நேர் 38, ஸ்நேரின் விளிம்பில் குச்சியைப் படுக்கவைத்துத் தட்டுவது 37, மூடிய ஹை-ஹாட் 42, காலால் மூடுவது 44, திறந்தது 46, க்ராஷ் 49, ரைடு என்ற இன்னொரு சிம்பல் 51, ரைடின் குமிழ் 53. பல டிரம் ப்ளக்இன்கள் முக்கியமான சத்தங்களுக்கு ஏறக்குறைய இதையே பின்பற்றுகின்றன. ஆனால் 36 என்ற அதே எண்ணை ஒரு மென்பொருள் சி1 என்று காட்டும், இன்னொன்று சி2 என்று காட்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க கிக்கைத் தேடியிருக்கிறேன். ஸ்வரப் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, திறந்த ஹை-ஹாட் போட்டால் அதை எங்கே மூடுகிறீர்கள் என்பதையும் போட வேண்டும். 42-ஓ 44-ஓ வராவிட்டால் சத்தம் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது அழுத்தம். மிடியில் இதற்கு வெலாசிட்டி என்று பெயர், 1 முதல் 127 வரை. மவுஸால் வைத்த ஒவ்வொரு தட்டும் எனக்கு ஒரே அளவில்தான் விழுந்திருந்தது, எல்லாம் 100. நல்ல டிரம் ப்ளக்இன்னில் ஒரே ஸ்நேரை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அளவுகளில் அடித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். ஒவ்வோர் அளவிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் சில பதிவுகள் வேறு இருக்கும். எல்லாவற்றையும் 100-இல் வைத்தால் அத்தனை உழைப்பில் ஒரே ஓர் அடுக்குதான் நமக்குக் கேட்கிறது. அதைவிட மோசம், உற்சாகத்தில் எல்லாவற்றையும் 127-க்கு ஏற்றுவது. அந்த உச்ச அடுக்கு, கையை ஓங்கி முழு வேகத்தில் இறக்கிய அடி. பாட்டு முழுக்க ஒருவர் அப்படி அடித்தால் இரண்டாவது சரணத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்.

எனக்குக் கைகொடுத்த அளவுகளைச் சொல்கிறேன், ப்ளக்இன்னுக்கு ப்ளக்இன் கொஞ்சம் மாறும். இரண்டிலும் நான்கிலும் விழும் முக்கிய ஸ்நேர் 105-இலிருந்து 118 வரை. ஹை-ஹாட்டில் தட்டின் மேல் விழுவது 90 பக்கம், நடுவில் விழுவது 65 பக்கம். முதல் கிக் கனமாக, அதற்குப் பின்னால் ஒட்டிவரும் சின்னக் கிக் 80-க்குக் கீழே. முக்கிய ஸ்நேர்களுக்கு நடுவே இடது கை சும்மா இருக்காமல் தோலின் மேல் லேசாகத் தடவிவிடுவது போல விழும் தட்டுகள் உண்டு. கோஸ்ட் நோட் என்பார்கள். அது 25-இலிருந்து 40. பாட்டோடு சேர்த்துக் கேட்டால் அது இருப்பது தெரியக் கூடாது, எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு மொட்டையாகத் தெரிய வேண்டும். மிருதங்கத்தில் பெரிய சொற்களுக்கு நடுவே விரல் முணுமுணுத்துக்கொண்டே இருக்குமே, அந்த வேலைதான்.

இந்தக் கட்டத்தில் நான் விழுந்த குழி ‘ஹியூமனைஸ்’ பொத்தான். பல மென்பொருள்களில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அமுக்கினால் எல்லாத் தட்டுகளையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி, அழுத்தத்தையும் கூட்டிக் குறைத்துவிடும். அமுக்கினேன், கேட்டேன், அண்ணனுக்கு அனுப்பினேன். “இப்ப ஆளு மாதிரி இருக்கு. ஆனா வாசிக்கத் தெரியாத ஆளு” என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பொத்தான் தள்ளுவது குருட்டாம்போக்கில். நன்றாக வாசிக்கிறவர் திரையில் தெரியும் நேரக் கட்டத்தை விட்டு விலகுவதற்குக் காரணம் இருக்கும். வலது கை பழகிய கை, அதனால் வலது, இடது என்று மாறி மாறி அடிக்கும் ரோலில் ஒன்று விட்டு ஒன்று சற்றுக் கனமாக விழும். 110, 88, 102, 85 என்கிற மாதிரி. பல்லவி நெருங்கும்போது உற்சாகத்தில் கை ஏறும். ரோல் முடிந்து க்ராஷில் இறங்குவதற்கு முன் கொஞ்சம் அவசரம் வரும். சரணத்தில் பாடகர் தாழ்ந்த குரலில் பாடினால் ஹை-ஹாட்டும் அடங்கும். இவற்றில் எதுவும் தற்செயல் இல்லை. அதனால் இப்போது பொத்தானைத் தொடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் கையால் சரிசெய்த பிறகு, கடைசியில், மிகக் கொஞ்சமாக மட்டும். பெரும்பாலும் அதுவும் இல்லை.

நேர விலகலிலும் இதே கதைதான். ரீப்பர் ஒரு தட்டை 960 துண்டாகப் பிரிக்கிறது. 96 டெம்போவில் ஒரு தட்டு 625 மில்லிசெகண்டு, ஆக ஒரு துண்டு 0.65 மில்லிசெகண்டு. ஸ்நேரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் பாட்டு சாய்ந்து உட்காரும் என்று எங்கோ கேட்டுவிட்டு அதை 60 துண்டு பின்னே தள்ளினேன், அதாவது கிட்டத்தட்ட 40 மில்லிசெகண்டு. குடித்துவிட்டு வாசிக்கிற மாதிரி இருந்தது. பத்து மில்லிசெகண்டு, அதாவது 15 துண்டு போதும். சத்தம் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும் என்று வைத்துப் பார்த்தால், பத்து மில்லிசெகண்டு என்பது மேடையில் டிரம்மரிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது. அவ்வளவு சின்ன விஷயம், ஆனால் கேட்கும். அதைவிட முக்கியம், தள்ளுகிறதாக இருந்தால் எல்லா ஸ்நேரையும் ஒரே மாதிரித் தள்ள வேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே போனால் ஆள் தடுமாறுகிறார் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மேலே, எனக்கு உண்மையில் வழி திறந்துவிட்டது அண்ணன் போனில் சொன்ன இன்னொரு வார்த்தை. “எங்க, அந்த பீட்டை வாயால சொல்லு பாப்போம்” என்றார். எனக்கு வரவில்லை. நானே போட்ட டிராக், திரையில் கட்டம் கட்டமாக முன்னால் இருக்கிறது, வாயால் சொல்லத் தெரியவில்லை. “வாயிலயே வரல, அப்புறம் அது எப்படி பீட்டு?” என்றார்.

மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்கு முதலில் சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தகதிமி, தகிட என்று வாயில் உட்கார்ந்த பிறகுதான் விரலுக்கு வரும். கொன்னக்கோல் என்று ஒரு கலையே இருக்கிறது. ஆனால் டிரம்ஸுக்கும் அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் பாட்டை ஓடவிட்டு, செல்போனில் வாயாலேயே டிரம்ஸ் வாசித்துப் பதிகிறேன். ‘டும் - டக் - டுடும் டக்’. வெட்கமாக இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இப்படிச் செய்யும்போது ரோல் தானாகவே சரியான இடத்தில் வருகிறது, ஏனென்றால் பாட்டைக் கேட்டுக்கொண்டே சொல்லும்போது பாடகரின் மேல் ரோல் போட வாய் கூசுகிறது. மூச்சு வாங்குகிற இடத்தில் பீட்டும் கொஞ்சம் இளைப்பாறுகிறது. பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, கட்டத்தில் எழுதுகிறேன். நாலு பாருக்கு ஒரு ரோல் என்ற என் பழைய கணக்கு அப்படியே செத்தது. இப்போது பல்லவிக்குப் போகும் முன் ஒரு பெரிய ரோல், மற்ற இடங்களில் ஒரே ஒரு கூடுதல் ஸ்நேரோ திறந்த ஹை-ஹாட்டோதான்.

வாயில் வந்ததைக் கட்டத்தில் எழுதுவதைவிட நேரடியாகத் தட்டிப் பதிவது வேகம். சின்ன மிடி கீபோர்டு இருந்தால் ஒரு விரலில் கிக், இன்னொன்றில் ஸ்நேர், அடுத்த சுற்றில் ஹை-ஹாட் என்று அடுக்கலாம். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம், நான் தட்டியது எனக்கே ஆற அமர வந்து சேர்ந்தது. ஒயர் உள்ள ஹெட்போன், கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவான பஃபர் 128. 48 கிலோஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு.

அப்புறம் ஸ்விங். இதைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980-இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்ஸின் பதிவுகளை வைத்து ஓடிய முதல் மெஷின் அதுதான். அவரும் கிட்டார்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஒன்று விட்டு ஒரு தட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, மெஷினுக்கும் ஆட்டம் வர வைக்கும் ஸ்விங் வசதி அவர் கைவண்ணம். அவர் வைத்த கணக்கில் 50 சதவீதம் என்றால் நேராக ஓடும். 66 என்றால் கிட்டத்தட்ட திஸ்ரம், அதாவது மூன்றாகப் பிரிவது: ‘தகிட’வில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு ‘த - ட, த - ட’ என்று சொல்லிப் பாருங்கள், அதுதான். நான்காகப் பிரியும் சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே, 54-இலிருந்து 60 வரை, பெயர் வைக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. ‘இந்தப் பாட்டு ஏன் இப்படி அசைய வைக்கிறது’ என்று நாம் நினைக்கிற பல பாட்டுகள் அங்கேதான் குடியிருக்கின்றன. எடிட்டரில் ஸ்விங்கை இரண்டு இரண்டாக ஏற்றி, காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். கால் எங்கே சௌகரியப்படுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

காசு செலவில்லாத ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கூகுளின் மெஜென்டா குழு 2019-இல் ‘க்ரூவ்’ என்ற பெயரில் ஒரு மிடித் தொகுப்பை இலவசமாக வெளியிட்டது. 10 டிரம்மர்கள் ரோலண்ட் எலக்ட்ரானிக் டிரம்ஸில் வாசித்த 13 மணி நேரத்துக்கும் அதிகமான வாசிப்பு, தட்டுக்குத் தட்டு அழுத்தமும் நேரமும் அப்படியே பதிவாகியிருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக எடுத்துப் போடுவதைவிட, எடிட்டரில் திறந்து படித்தால் பலன் அதிகம். ஒரு ஃபைலைத் திறந்து ஹை-ஹாட் வரிசையை மட்டும் பார்த்தேன். ஒரு தட்டின் அழுத்தத்தைக் காட்டும் கோட்டின் உயரம் பக்கத்துத் தட்டோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் பார் தோறும் ஏற்ற இறக்கத்தின் சாயல் திரும்பத் திரும்ப வந்தது. முதல் மாதம் எனக்குப் புரியாமல் இருந்தது அங்கே படமாகவே தெரிந்தது. ஒரு பாரை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் நானே எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிடுவேன். பரீட்சை மாதிரி. பத்துத் தடவை செய்தால் கை தெளியும்.

தோற்ற கதையும் ஒன்று உண்டு. ஒரு குத்துப் பாட்டுக்கு ஆறு எட்டு (6/8) தாளத்தில் பீட் வேண்டியிருந்தது. பறை இல்லாத குறைக்கு டாம்களில் அந்த அடியை எழுதிப் பார்த்தேன். வெலாசிட்டி, நேரம், ஸ்விங் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றியும் ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர் வழி தவறி வந்த மாதிரியே இருந்தது. பறையில் ஒரு கை தடித்த குச்சி, மறு கை நீண்டு மெலிந்த குச்சி, இரண்டும் ஒரே தோலில் பேசுகின்றன. டாம்களில் அது கிடையாது. டிரம் செட்டால் முடிந்ததை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாட்டு இன்னும் முடியாமல்தான் கிடக்கிறது.

மிக்ஸிங் பற்றிக் கொஞ்சம் மட்டும். கிக்கும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக விழுகின்றனவா என்று முதலில் அவை இரண்டை மட்டும் வைத்துக் கேளுங்கள். ப்ளக்இன்னில் ‘ரூம்’ என்று ஒரு பிடி இருக்கும், அறைக்குள் தள்ளி வைத்த மைக்கின் சத்தம் அது. அதைக் கொஞ்சம் ஏற்றினால் தனித்தனியாகக் கிடந்த டிரம்களெல்லாம் ஒரே அறைக்குள் வந்து உட்காரும். ஹை-ஹாட்டை நினைத்ததைவிட இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மிச்சத்துக்கு அவசரமில்லை. வாசிப்பு சரியில்லாத டிராக்கில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸருக்கும் தொனியைத் திருத்தும் ஈக்யூவுக்கும் நான் செலவழித்த ராத்திரிகளை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஊரடங்கெல்லாம் முடிந்து, ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அந்த முதல் பாட்டையே மேடையில் வாசிப்பதென்று முடிவானது. அதற்குள் அதன் டிரம்ஸை எத்தனை முறை திருத்தியிருப்பேனோ. அண்ணன் டிராக்கைக் கேட்டுப் படித்துக்கொண்டு வந்தார். ஒத்திகையில் நான் எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார். முதுகுக்குப் பின்னால் என் கட்டங்கள் தோலில் விழுவதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குப் போகும் ரோலில் மட்டும் நின்றுவிட்டார். தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமிலிருந்து நேரே மேல் டாமுக்கு, அங்கிருந்து மறுபடி கீழே, எல்லாம் பதினாறில் ஒன்று வேகத்தில், அதாவது தட்டுக்கு நான்கு அடி வீதம், எழுதி வைத்திருந்தேன். திரையில் அழகாக இருக்கும் அது. மெதுவாக ஒரு முறை, டெம்போவில் ஒரு முறை வாசித்துப் பார்த்தார். கை குறுக்கே போய்ப் போய் வந்தது, ஆனாலும் வாசித்துவிட்டார்.

“முடியாதா அண்ணே?”

“முடியுது. எதுக்கு?”

நிகழ்ச்சியில் அந்த இடம் வந்தபோது, டாம் பக்கமே போகாமல், நாலாவது தட்டில் ஸ்நேரை ஒரே ஒரு முறை அடித்துவிட்டுச் சும்மா இருந்தார். அரைத் தட்டு மௌனம். அப்புறம் க்ராஷ். பாடிய பெண் அந்த இடைவெளியில் மூச்செடுத்துக்கொண்டது எனக்குக் கிட்டார் பக்கத்திலிருந்து கேட்டது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, அந்த ரோலில் ஏழு தட்டுகளை அழித்தேன்.